ஒற்றைச் சிலிண்டரோடு 53 மீற்றருக்கு இறங்கச் சொன்னது பற்றி

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நாலாவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. போனில் எடுத்தால் யாழ்ப்பாண அலுவலகம் கொழும்பைக் கேட்கச் சொல்கிறது, கொழும்பு மட்டக்களப்புக் கல்லடியில் படகு விடுகிறவர்களைக் கேட்கச் சொல்கிறது, கல்லடியில் இருப்பவர் "காசு விசயம் யாழ்ப்பாணம்தான் அண்ணை" என்று வைத்துவிடுகிறார்.

வைகாசியில், மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைச் சுழியோடிப் பார்க்கும் உங்களுடைய ஒரு நாள் பயணத்துக்கு 78,500 ரூபாய் முழுதாகக் கட்டினேன். பற்றுச்சீட்டு இருக்கிறது. அதில் என்னென்ன சேரும் என்று நீங்களே அச்சடித்துத் தந்தீர்கள்: இரட்டைச் சிலிண்டர், ஏறும்போது நின்று நின்று வருவதற்குத் தனிச் சிலிண்டர், கூட இறங்க ஒரு வழிகாட்டி. 40 மீற்றருக்குக் கீழே போவது சாதாரணச் சுழியோட்டம் இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கான பயிற்சிச் சான்றிதழையும் டாக்டரின் கடிதத்தையும் இரண்டு கிழமைக்கு முன்பே தந்துவிட்டேன்.

பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் வந்து, இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து, விடிய முதல் கல்லடிக்கு வந்தேன். படகில் எனக்கென்று இருந்தது ஒரேயொரு 12 லீற்றர் சிலிண்டர். வால்வைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. காற்றழுத்த மானியைப் பார்த்தால் முள் 170 பாரில் நிற்கிறது, 200கூட நிரப்பவில்லை. கொஞ்சம் கணக்குப் பாருங்கள் ஐயா. 53 மீற்றரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல ஆறு மடங்குக்கு மேல், அதனால் காற்றும் அத்தனை மடங்கு வேகத்தில் தீரும். என்னுடைய மூச்சுக்கு அந்தச் சிலிண்டர் அடியில் 16 நிமிடம், அதற்குள்தான் இறங்கவும் வேண்டும், பார்க்கவும் வேண்டும், இடையிடையே நின்று ஏறவும் வேண்டும். அந்த ஆழத்தில் நைதரசன் தலைக்கேறி வெறி பிடித்த மாதிரி வேறு இருக்கும். மிச்சச் சிலிண்டர்கள் எங்கே என்று கேட்டதற்கு உங்கள் ஆள் சிரித்துக்கொண்டு "எல்லாரும் இதோடதான் போறவை" என்றார். நான் இறங்கவில்லை.

அன்று வந்த மற்ற இரண்டு பேரும் தங்கள் சொந்தச் சாமான்களோடு வந்தவர்கள், அவர்கள் இறங்கினார்கள். நான் ஒன்றரை மணித்தியாலம் ஆடுகிற படகில் வெயிலில் இருந்தேன். மேலே வந்தவர் பீரங்கி தெரிந்தது, கப்பல் ஒருபக்கமாகச் சரிந்து கிடக்கிறது என்று சொல்லச் சொல்ல, எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. 1942 சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட்டு மூழ்கடித்த கப்பல், 307 பேர் போன இடம். என் அம்மப்பா சாகும்வரை அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க மூன்று வருடம் காசு சேர்த்தேன். இனி எனக்கு இந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை.

சரி, பிழை நடந்துவிட்டது, காசைத் திருப்பித் தருவார்கள் என்று நினைத்தேன். உங்கள் கொழும்பு அலுவலகத்தில் போன் எடுக்கும் அந்தத் தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "அங்கிள், உங்களுக்கு வயசு போட்டுது, பயமா இருந்திருக்கும், அதுக்கு நாங்கள் காசு தர ஏலாது." எனக்கு 46 வயது. அங்கிளாம். நான் பயந்து நின்றேனாம். அந்தச் சிலிண்டரோடு அவரை இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாம் தரம் எடுத்தபோது நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்தவரிடம் "அந்த அங்கிள்தான் திருப்பியும்" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இதற்கு முன்னால் நடந்ததை எழுத மறந்துவிட்டேன். மூலப் பற்றுச்சீட்டைக் கொண்டுவரச் சொல்லி உங்கள் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு மூன்று தரம் கூப்பிட்டீர்கள். முதல் தரம் பொறுப்பானவர் இல்லை. இரண்டாம் தரம் பிரதி எடுத்துவிட்டு "மூலத்தோட வாங்கோ" என்றார்கள், மூலம் அவர்களுடைய கையில்தான் இருந்தது! மூன்றாம் தரம் வரச்சொன்ன நாள் போயா விடுமுறை. அரை நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து உங்கள் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே தேத்தண்ணிக்கடைக்காரர்தான் பாவப்பட்டு ஒரு பிளேன்ரீ தந்தார், அதுதான் உங்களால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை.

உங்களோடு சண்டை பிடிப்பது என் நோக்கம் இல்லை. படகோட்டி நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. கட்டிய 78,500 ரூபாயோடு பஸ் காசு, கடை பூட்டிய நாட்கள், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து மூன்று இலட்சம் தர வேண்டும். குறைந்தது கட்டிய காசையாவது 14 நாளுக்குள் என் கணக்கில் போடுங்கள். கணக்கு இலக்கம் மூன்று தரம் தந்திருக்கிறேன். இல்லையென்றால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுப்பேன், சுற்றுலா அதிகாரசபைக்கும் எழுதுவேன், அந்த மானியின் படமும் என்னிடம் இருக்கிறது. தயவுசெய்து அதுவரைக்கும் என்னைக் கொண்டுபோக வேண்டாம்.

பதிலை எழுத்தில் தாருங்கள். அந்தத் தம்பியை எனக்கு எடுக்கச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பருத்தித்துறையில் இருந்து உங்கள் வாடிக்கையாளர்