கடைமுகம் முடிஞ்ச மறுநாள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்த படிச்சுட்டு ரெண்டு நாள் எதுவுமே எழுதத் தோணலடி. "இனிமே மாயவரத்துல எனக்கு யாரு இருக்கா, எதுக்கு வரணும்"னு ஒரு வரி எழுதியிருந்த பாரு, அது தொண்டையிலயே நின்னுடுச்சு. உங்கம்மா போய் வர்ற தையோட மூணு வருஷம் ஆகப்போகுது, நீ அன்னைக்கு நாக்பூர்லேர்ந்து கிளம்பி ராத்திரியெல்லாம் முழிச்சு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு, அத இன்னும் மனசுல வெச்சு நீ புழுங்கிட்டு இருக்கன்னு உன் எழுத்துலயே தெரியுது. அதுக்கு நான் சமாதானம் சொல்ல வரல. ஐப்பசி கடைசி நாள் காவேரி முழுக்கு, நம்ம கடைமுகம், எப்படி நடந்துச்சுன்னு கேட்டிருந்த, அதச் சொல்றேன், மறுநாள் நடந்ததையும் சொல்றேன்.

இந்த வருஷம் ஐப்பசி முழுக்க மழை. ஐப்பசி அடைமழைன்னு சும்மாவா சொன்னாங்க. காவிரில தண்ணி நல்லா வந்துச்சு, கரைக்குக் கரை இல்லன்னாலும் கடைசி நாலு படி முங்கற அளவுக்கு ஓடிச்சு. உனக்குத்தான் தெரியுமே, திருச்சி பக்கம் அகண்ட காவிரியா கடல் மாதிரி போறவ முக்கொம்புல கொள்ளிடத்துக்கு ஒரு பங்கு கொடுத்து, கல்லணையில வெண்ணாறு, புது ஆறுன்னு பிரிச்சுக் கொடுத்து, வழியெல்லாம் வாய்க்காலுக்கு வாரிக் கொடுத்துட்டு நம்ம ஊருக்கு வர்றப்ப ஒரு சின்ன ஆறாத்தான் வர்றா. இங்கேர்ந்து பூம்புகார் போய் கடல்ல சேர்றப்ப இன்னும் ஒல்லியாயிடறா. நம்ம அம்மாங்க அத பொண்ணோட கதையாவே சொல்லுவாங்க, எல்லாருக்கும் போட்டுட்டு கடைசில சட்டிய வழிச்சு சாப்பிடறவன்னு. அதனாலயோ என்னவோ, மேட்டூர்ல 120 அடி நிரம்பிடுச்சுன்னு டிவில சொன்னா மத்த ஊர்ல அது நியூஸ், நமக்கு அது வீட்டு விஷயம்.

ஒரு வருஷம் தண்ணியே இல்லாம ஆத்து மணல்ல போர் போட்டு, ஷவர் மாதிரி பைப் கட்டி ஜனங்க அதுக்கு அடில நின்னு குளிச்சாங்க, நீ அப்ப வரல. ஒரு பாட்டி அந்த பைப் தண்ணிய ரெண்டு கையால ஏந்தி கண்ணுல ஒத்திக்கிட்டு "காவேரியம்மா"ன்னு கூப்பிட்டது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. 2017 செப்டம்பர்ல காவேரில புஷ்கரம்னு பெரிய நீராட்டு விழா நடந்தப்ப என்ன கூட்டம், ஊரு தாங்கல. குரு துலா ராசிக்கு வர்றப்ப 12 வருஷத்துக்கு ஒரு தடவ வர்றது, இனி 2029லதான். அதுக்காவது உன் பேரப்புள்ளைங்கள கூட்டிட்டு வந்துடு.

கடைமுகத்தன்னைக்கு காலைல நாலு மணிக்கே ஜனம் வர ஆரம்பிச்சுடுச்சு. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து துலாக்கட்டப் படித்துறை வரைக்கும் ரோட்டு ரெண்டு பக்கமும் வளையல் கடை, பொரிக்கடை, பலூன்காரன், அலுமினியப் பாத்திரக் கடை, எல்லாம் நம்ம சின்ன வயசுல பாத்த அதே மாதிரிதான், செல்போன் கவர் விக்கறவன்தான் புதுசு. பகல் ஒரு மணி வாக்குல சாமிங்க எல்லாம் வந்து சேந்துச்சு. தென்கரையில மாயூரநாதரும் அபயாம்பிகையும், ஐயாறப்பரும், அந்தக் கரையில வள்ளலார் கோயில் சாமின்னு, ஒவ்வொரு கோயில்லேர்ந்தும் ரிஷப வாகனத்துல வந்து ரெண்டு கரையிலயும் எதிரும் புதிருமா நின்னுச்சு. நடுவுல ஆறு, ஆத்துக்குள்ள நந்தி மண்டபம். நாதஸ்வரமும் மேளமும் இந்தக் கரையில ஒண்ணு அந்தக் கரையில ஒண்ணுன்னு வாசிக்கிறத கேக்கணும்டி, தண்ணிக்கு மேல சத்தம் ஒண்ணோட ஒண்ணு மோதி கலந்து வருது. சாமியோட சூலமான அஸ்திரதேவர தண்ணில முக்கி எடுத்த அந்த ஒரு நிமிஷம், படியில நின்ன அத்தன பேரும் ஒரே நேரத்துல மூழ்கி எழுந்திரிச்சாங்க. கரையிலேர்ந்து பாத்தா தலைங்க மறைஞ்சு மறைஞ்சு வருது, கலங்கத் தண்ணில மஞ்சளும் பூவும் மிதக்குது, அப்பறம் ஒரே "ஹர ஹர"ன்னு சத்தம்.

அந்த நந்தி கதை ஞாபகம் இருக்கா? உங்கம்மா நமக்கு முதுகு தேச்சுக்கிட்டே சொல்லுவாங்க. பிரம்மா அன்னத்துல, பெருமாள் கருடன்ல, சிவன் ரிஷபத்துல காவேரிக்குக் குளிக்க வந்தாங்களாம், நந்திதான் முதல்ல வந்து சேந்துச்சாம். நாமதானே இவர தூக்கிட்டு வந்தோம்னு கொஞ்சம் கர்வம் வந்துச்சாம். சாமி ஒண்ணுமே சொல்லாம தன் சடையிலேர்ந்து ஒரு முடிய அது முதுகுல வெச்சாராம், அந்த பாரம் தாங்காம நந்தி பாதாளத்துக்கே போயிடுச்சாம். அப்பறம் அழுது கெஞ்சினதும் ஆத்து நடுவுல ஒரு இடம் கொடுத்தாராம். வள்ளலார் கோயில்ல மேதா தட்சிணாமூர்த்தி அதே நந்தி மேல உக்காந்திருக்காரு, வியாழக்கிழமைன்னா அங்க கால் வெக்க இடம் இருக்காது. அப்ப நாம கதை கேட்டோம், "ஒரு முடி அவ்ளோ கனமா அத்தை"ன்னு நான் கேட்டதுக்கு உங்கம்மா பதிலே சொல்லாம தலைல தண்ணிய ஊத்தினாங்க.

இன்னொண்ணும் சொல்லுவாங்க, கண்வ முனிவர் எதிர்ல கன்னங்கரேல்னு மூணு பொண்ணுங்க வந்தாங்கன்னு. கங்கை, யமுனை, சரஸ்வதி. ஊரு உலகத்துப் பாவமெல்லாம் எங்க மேல கரைச்சுட்டாங்க, நாங்க எங்க போய்க் கரைக்கறதுன்னு கேட்டாங்களாம். மாயூரத்துக்குப் போய் துலா மாசம் முழுக்க காவேரில குளிங்கன்னு முனிவர் சொன்னாராம். அதான் ஐப்பசி பூராவும் கங்கை இங்க இருக்கான்னு நம்பிக்கை. இதச் சொல்றப்ப எனக்கு ஒரு ஆத்தாமையும் வருது. கங்கையே அழுக்கு கழுவ வர்ற ஆத்துல நாம ஊர்ச் சாக்கடைய விடறோம், கட்டின பழைய புடவைய அப்படியே தண்ணில விட்டுட்டுப் போறோம், அத தோஷம் கழியும்னு வேற சொல்லிக்கறோம். மறுநாள் காலைல படித்துறையில துணி மலை மாதிரி கெடந்துச்சு. துப்புரவு செய்யற பொண்ணுங்க இடுப்பளவு தண்ணில நின்னு கம்பால இழுத்து இழுத்துப் போட்டாங்க, பாக்க வயிறு எரிஞ்சுது.

சரி, மறுநாளுக்கு வர்றேன். என் மாமியாருக்கு இப்ப 84. மார்கழில வழுக்கி விழுந்து இடுப்புல ஆபரேஷன் ஆனதுலேர்ந்து வீல்சேர்தான். இந்த ஊருக்கு மருமகளா வந்த 62 வருஷத்துல கடைமுகம் தவறினதே கிடையாது, இந்த வருஷம் கூட்டத்துல எப்படி இறக்கறது? கடைமுகத்தன்னைக்கு காலைலேர்ந்து கேட்டுட்டே இருந்தாங்க, பகல் ரெண்டு மணிக்கு மேள சத்தம் அடங்கினதும் கேக்கறத நிறுத்திட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. இவரு போய் பக்கத்துல உக்காந்து, "அம்மா, நாளைக்கு முடவன் முழுக்கு, நாளைக்குத்தான் நம்ம முறை"ன்னு சொன்னாரு. அப்பத்தான் காபி குடிச்சாங்க.

கார்த்திகை ஒண்ணு. நீ அந்த நாள்ல ஆத்துக்கு வந்தது ஞாபகமே இல்லன்னு நினைக்கறேன், நாம எப்பவும் கடைமுகத்தோட கடையெல்லாம் சுத்திட்டு ஸ்கூலுக்குப் போயிடுவோம். எங்கேயோ தூரத்துலேர்ந்து ஒரு முடவன் ஐப்பசிக்குள்ள காவேரில முழுகணும்னு தவழ்ந்து தவழ்ந்து வந்தானாம், அவன் வந்து சேர்றப்ப ஐப்பசி முடிஞ்சு ஒரு நாள் ஆயிடுச்சாம். கரையில கெடந்து அழுதப்ப சாமி அவனுக்காக ஒரு நாள் நீட்டிக் கொடுத்தாரு, இன்னைக்கு முழுகினாலும் அதே பலன்தான்னு. அன்னைக்கு வந்த கூட்டத்தப் பாரு நீ. ஊன்றுகோலோட ஒரு பெரியவர், கண்ணு தெரியாத அம்மாவ கைபுடிச்சு இறக்கின ஒரு பையன், லீவு கிடைக்காம ராத்திரி பஸ் புடிச்சு வந்த ஒரு போலீஸ்காரம்மா, வேன் நடுவழில நின்னு போய் ஒரு நாள் லேட்டா வந்த ஒரு குடும்பம். யாரும் யாரையும் தள்ளல. படியில ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்தாங்க.

அத்தைய ஒரு பிளாஸ்டிக் நாற்காலில உக்கார வெச்சு இவரும் பக்கத்து வீட்டுப் பையனும் ரெண்டு பக்கம் புடிச்சு தண்ணி தொடற படி வரைக்கும் இறக்கினாங்க. நான் பித்தளைச் சொம்புல மொண்டு மொண்டு ஊத்தினேன். காலு தண்ணில பட்டதும் அவங்க விரல மடக்கி மடக்கி மண்ண துழாவினாங்கடி, சின்னக் கொழந்த மாதிரி. ஒரு வார்த்தை பேசல.

அந்தப் படியிலதான் உங்கம்மா நிப்பாங்க. எல்லாரோட செயினையும் கண்ணாடியையும் முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டு, மாத்துத் துணிய தோள்ல போட்டுக்கிட்டு, "நீங்க போங்க, நீங்க போங்க"ன்னு எல்லாரையும் குளிக்க அனுப்பிட்டு கடைசி ஆளா இறங்குவாங்க. அதுக்குள்ள வெயில் ஏறிடும், ஜனமெல்லாம் கலைஞ்சுடும். நான் அன்னைக்கு மூணு தடவ முழுகினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு, ஒண்ணு உங்கம்மாவுக்கு. உன் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லித்தான் முழுகினேன், கோச்சுக்காத.

அப்படியே கோயிலுக்குப் போனோம். 2023 கும்பாபிஷேகத்துக்கு அப்பறம் நீ பாக்கலையே, ராஜகோபுரம் ஒம்பது நிலையும் பெயிண்ட் அடிச்சு வெயில்ல கண்ணு கூசுது. அம்பாள் மயிலா வந்து பூஜை பண்ணினதும் சாமியும் மயிலாவே வந்து ஆடினதும் இங்கதான்னு வர்ற குழந்தைங்களுக்கெல்லாம் அத்தை வீல்சேர்ல உக்காந்தே கதை சொன்னாங்க. அபயாம்பிகை சன்னதி பக்கத்துல புடவை சுத்தின லிங்கம் இருக்கே, அங்க கொஞ்ச நேரம் நின்னோம். நாதசர்மா, அவர் பொண்டாட்டி அனவித்யாம்பிகை, அவங்களும் லேட்டா வந்தவங்கதான்! ஐப்பசி முடிஞ்சு போச்சேன்னு வருத்தப்பட்டு ராத்திரி கோயில்லயே தங்கினவங்களுக்கு விடியக்காலைல முழுகச் சொல்லி சாமியே வழி காட்டினார்னு சொல்வாங்க. அந்தம்மா லிங்கமாயிட்டாங்க, அதுக்குத்தான் புடவை. இத்தன வருஷம் தினமும் பாத்த சன்னதி, ஆனா உன் கடிதம் பையில இருந்ததாலயோ என்னவோ அன்னைக்குத்தான் புதுசா பாத்த மாதிரி இருந்துச்சு. குதம்பைச் சித்தர் சன்னதியிலயும் விளக்கேத்திட்டு வந்தேன்.

பெருமாளையும் விட்டுடல. சாயங்காலம் திருஇந்தளூர் போய் பரிமள ரங்கநாதர சேவிச்சுட்டு வந்தேன். தலைமாட்டுல காவேரி, கால்மாட்டுல கங்கைன்னு அவரு நிம்மதியா படுத்திருக்காரு. திருமங்கையாழ்வார் வந்தப்ப கதவு சாத்தியிருந்துச்சுன்னு கோச்சுக்கிட்டு, நீரே நல்லா வாழ்ந்து போம்னு பாடினது இந்தப் பெருமாளத்தான்னு நம்ம தமிழ் டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்களே. சாமிகிட்ட அப்படி சண்டை போட எவ்வளவு உரிமை இருக்கணும். 1871ல உ.வே.சா. பதினாறு வயசுப் பையனா மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பாடம் கேக்க வந்த ஊரு இதுதான்னும் அவங்கதான் சொன்னாங்க, சொல்றப்பவே அவங்க குரல் மாறிடும்.

உன் பொண்ணு கல்யாணத்துக்கு கூறைப்புடவை கேட்டிருந்தியே. கூறைநாட்டுல இப்ப தறி ரொம்பக் குறைஞ்சு போச்சு, அசல் கொரநாட்டுக் கட்டம் போட்டது, பட்டும் நூலும் கலந்தது, சொல்லி வெச்சாத்தான் கிடைக்கும்னாங்க. அரக்குல ரெண்டு பாத்து வெச்சிருக்கேன், போட்டோ அனுப்பறேன், ஆனா போட்டோல கலர் சரியா வராது, நீ நேர்ல தொட்டுப் பாத்து எடுக்கறதுதான் நல்லது. அத்தையும் "அவள வரச் சொல்லு, நான் எடுத்துக் கொடுக்கறேன்"னு தினம் சொல்றாங்க.

மெட்ராஸ் வந்து சோழன் எக்ஸ்பிரஸ்ல ஏறு, பகல் வண்டி, உனக்கு முட்டி வலிக்கு படுத்துட்டு வர்றதவிட உக்காந்துட்டு வர்றது தேவலாம். எழும்பூர்ல சாப்பாடு எதுவும் வாங்காத. கொள்ளிடம் பாலத்துல வண்டி ஏறினதும் ஒரு போன் பண்ணு, சீர்காழி, வைத்தீஸ்வரன் கோயில் தாண்டி நீ வந்து இறங்கறதுக்குள்ள நான் சாதம் வடிச்சுடுவேன்.

அன்புடன்,
உன் மாயவரத்துக்காரி