மூடியில் மில், உள்ளே எம்.ஓ.ஏ.: ஸ்கோப் பற்றிய புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், ஆர்.கே.புரம், புது டெல்லி
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கோயம்புத்தூர்

பொருள்: தவறான டரட்டோடு (குறியை நகர்த்தும் திருகோடு) விற்ற ரைஃபிள் ஸ்கோப்புக்கு முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் ‘நெடுந்தூர வேட்டை ஸ்கோப்’ என்று போட்டு விற்கும் 4-16x44 ஸ்கோப்பை வாங்கியவன் நான். உள்ளே தெரியும் குறிக்கோடான ரெட்டிக்கிளும் டரட்டும் மில் என்ற கோண அளவில் இருக்கின்றன, டரட்டை ஒரு கிளிக் திருப்பினால் 0.1 மில் நகரும் என்று விளம்பரம் சொல்கிறது. பெட்டியிலும் அப்படியே இருக்கிறது, டரட் மூடியிலும் பொறித்திருக்கிறது. ஆனால் டரட் அப்படி நகரவில்லை. உங்கள் உதவி மையத்தோடு போனிலும் மின்னஞ்சலிலும் மாரடித்து அலுத்துவிட்டதால் இந்தக் கடிதம். அங்கே தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். புரியவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

என்னிடம் இருப்பது உரிமம் பெற்ற பாயின்ட் டூ டூ (0.22 அங்குலக் குண்டு) போல்ட் ரைஃபிள். சுடுவது துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில், 50 மீட்டர் தூரத்தில், காகித இலக்கில். கணக்கு எளிது. 0.1 மில் என்பது 100 மீட்டரில் 1 செ.மீ., 50 மீட்டரில் 5 மி.மீ. அப்படியானால் 40 கிளிக் ஏற்றினால் குண்டு விழும் இடம் 20 செ.மீ. மேலே போக வேண்டும். போனது பதினான்கரை.

அந்தப் பதினான்கரையில்தான் விஷயமே இருக்கிறது. எம்.ஓ.ஏ. என்பது இன்னொரு கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கால் எம்.ஓ.ஏ. கிளிக் 50 மீட்டரில் 3.6 மி.மீ. சொச்சம் நகர்த்தும். அதை 40 ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே பதினான்கரை செ.மீ. வரும். ஸ்பிரிங் தளர்ந்தோ திருகு தேய்ந்தோ கெட்டுப்போன டரட் இவ்வளவு கணக்காகத் தவறாது. எம்.ஓ.ஏ. டரட்டுக்கு மில் மூடியை மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள். பக்கவாட்டு டரட்டிலும் இதே கதைதான்.

இதனால் என்ன நஷ்டம் என்று உங்கள் பிரதிநிதி கேட்டார். நியாயமான கேள்விதான், சொல்கிறேன். 50 மீட்டரில் குறி வைத்த இடத்திலேயே படும்படி ஜீரோ செய்த பாயின்ட் டூ டூ 100 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே விழும். 22 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் உங்கள் மூடியை நம்பி 22 கிளிக் திருப்புவேன். உள்ளே இருக்கும் டரட்டோ 16 செ.மீ. மட்டுமே ஏற்றும். மீதி 6 செ.மீ. எங்கே போயிற்று? 50 மீட்டர் ரைஃபிள் போட்டி இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. தான். தூரம் கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடும். ரெட்டிக்கிளில் பார்த்து அளப்பது ஒன்று, டரட்டில் திருப்பினால் கிடைப்பது வேறொன்று என்றால் இந்த விலை கொடுத்து ஸ்கோப் எதற்கு?

இனி உங்கள் உதவி மையம் சொன்ன பதில்கள். முதலில் குண்டின் மேல் பழி போட்டார்கள். ‘தோட்டாவை மாற்றுங்கள், ஹாலோ பாயின்ட் போட்டால் சரியாகிவிடும்’ என்றார்கள். பாயின்ட் டூ டூ போட்டித் தோட்டாக்களில் இருப்பது பெரும்பாலும் 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடையுள்ள, மூக்கு உருண்ட ஈயக் குண்டு. வேகத்தை நொடிக்கு 325 மீட்டர் அளவில், ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே வைத்திருப்பார்கள். அதைத் தாண்டிப் புறப்படும் குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறக்கூடும். ஹாலோ பாயின்ட் என்பது மூக்கில் குழி உள்ள குண்டு. பாயின்ட் டூ டூவில் அது உடலுக்குள் போய் விரிவதற்காகச் செய்தது. சிறு விலங்குகளைச் சட்டப்படி வேட்டையாடும் நாடுகளில் அதற்கு வேலை உண்டு. காகிதத்துக்கு எதற்கு? பெரிய ரைஃபிள்களின் போட்டிக் குண்டுகளிலும் மூக்கில் ஒரு சின்னத் துளை இருக்கும், உண்மைதான். செப்பு உறையை அடியிலிருந்து மூக்கு நோக்கிக் குவிப்பதால் மிஞ்சும் துளை அது, விரிவதற்காக வைத்தது அல்ல. உங்கள் ஆள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

எந்தக் குண்டாக இருந்தால்தான் என்ன? ரைஃபிளுக்கு ஒத்துவராத குண்டு என்றால் குரூப், அதாவது குண்டுகள் விழும் கொத்து, பரவும். என் குரூப் பரவவில்லை. கிளிக் ஏற்றும் முன் கீழே ஒரு கொத்து, ஏற்றிய பின் மேலே ஒரு கொத்து, இரண்டுமே நெருக்கமாக விழுந்திருக்கின்றன. நடுவில் உள்ள இடைவெளிதான் தவறு.

அப்புறம் டெல்லிக் குளிரைச் சொன்னார்கள். குளிரில் தோட்டாவின் வெடிமருந்து கொஞ்சம் மந்தமாக எரியும், குண்டின் வேகம் குறையும், சரி. ஆனால் இரண்டு கொத்தும் ஒரே காலையில், ஒரே பெட்டித் தோட்டாவில் சுட்டவை. குளிர் இரண்டையும் சேர்த்துத்தான் இறக்கும், இடைவெளியை மாற்றாது.

இதற்கு மேலும் வாதம் வேண்டாம் என்று குண்டே இல்லாமல் சோதித்தேன். ரைஃபிளைக் காலி செய்து, அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் தாங்கியில் வைத்து, 50 மீட்டரில் அளவுக் கோடு போட்ட தாளைச் செங்குத்தாக ஒட்டி, ஸ்கோப் வழியே பார்த்துக்கொண்டே 40 கிளிக் திருப்பினேன். ரெட்டிக்கிள் நகர்ந்தது அதே பதினான்கரை செ.மீ. தோட்டாவும் இல்லை, குளிருக்கும் வேலை இல்லை. இதை எழுதி அனுப்பிய பிறகு உங்களிடமிருந்து பதிலே வரவில்லை.

இடையில் ஒன்று. விளம்பரத்தில் ஒரு புள்ளிமானை ரெட்டிக்கிளின் நடுவில் வைத்து ‘500 மீட்டரிலும் தப்பாது’ என்று போட்டிருக்கிறீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த நாட்டில் வேட்டைக்குத் தடை இருக்கிறது. மனிதரைத் தாக்கும் விலங்கு, பயிரை அழிக்கும் விலங்கு என்று அரசே அனுமதிக்கும் சில விதிவிலக்குகள் உண்டு, அதில் பொழுதுபோக்கு வேட்டை வராது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இந்தியர்களுக்கு விற்கும் கடைக்கு அந்தப் படம் எதற்கு? கிளிக்கையே சரியாகச் சொல்லாதவர்கள் 500 மீட்டரைப் பற்றிப் பேசுவது வேறு விஷயம்.

எனக்கு வேண்டியது முழுத் தொகையும், நான் திருப்பி அனுப்பும் கூரியர் செலவும். மாற்று ஸ்கோப் வேண்டாம். அதே சரக்கிலிருந்து இன்னொன்று வந்தால் இதே சோதனையை மறுபடி செய்யும் பொறுமை எனக்கு இல்லை. அதே சரக்கை வாங்கிய மற்றவர்களுக்கும் நீங்களே தகவல் சொல்லிவிடுவது நல்லது. ‘பொருத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்’ என்ற உங்கள் விதியைக் காட்ட வேண்டாம். பொருத்தாமல் இந்தத் தவறை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். தீர்க்காவிட்டால் 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும், பிறகு நான் வசிக்கும் டெல்லியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட இடம் தருகிறது, அதற்காக நான் கோயம்புத்தூர் வர வேண்டியதில்லை.

இலக்குத் தாள்களின் படங்கள், அளவுத்தாள் சோதனையின் வீடியோ, ரசீது ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ஸ்கோப்பைக் கழற்றிப் பழைய பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)