குடைக்கம்பியும் ரவிக்கைக் கொக்கியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர் எங்களுடையது. 32 வருஷம் தையல் மிஷின் மிதித்தேன். முட்டிவலி வந்து விட்டுவிட்டேன். இப்போது ஞாயிறு காலையில் எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். 3 வயதிலிருந்து 7 வயதுவரை ஒரு 15 பேர் வருவார்கள். நூலகர் பழைய பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்துப் போடுவார், அவ்வளவுதான் ஏற்பாடு.

போன மாதம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு கிளம்பியது. வாய்க்கால் மேட்டு ஆலமரத்தில் வவ்வால் அடைகிறது, நோய் வரும், மரத்தை வெட்டிவிட வேண்டும் என்று. அதைப் பெரியவர்கள் பேசப் பேச, என் 5 வயதுப் பேத்தி அந்த வழியே போகும்போதெல்லாம் கண்ணைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தாள். எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. ஏனென்றால் "சோறு திங்காட்டி வவ்வால் வந்து மூக்கைக் கவ்விக்கும்" என்று பயமுறுத்தி அவளுக்கு ஊட்டியவளே நான்தான்.

சரி, நாம் கெடுத்ததை நாமே சரிசெய்வோம் என்று அடுத்த ஞாயிறு வவ்வால் கதை வைத்துக்கொண்டேன். நூலகத்தில் தேடினால் வவ்வால் வரும் படக்கதை ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதிலும் அது ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் குடிக்கிற வவ்வால் உலகத்திலேயே 3 வகைதான். மூன்றும் மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கே அமெரிக்க நாடுகளிலும் இருப்பவை. கோபிப் பிள்ளைக்கு அது எதற்கு?

பரண்மேல் என் வீட்டுக்காரருடைய கறுப்புக் குடை கிடந்தது, காற்றில் மடங்கிப்போனது. பாதியாக வெட்டினேன். ஒரு பாதியில் 4 கம்பி. பிள்ளைகளைக் கையை விரித்துக் கம்பியோடு விரலைச் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். கம்பி வவ்வாலின் விரல், துணி விரல்களுக்கு நடுவே படர்ந்த தோல். அதற்குக் கைதான் சிறகு என்று சொன்னேன். ஒரு பையன் கம்பியை எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலுதான இருக்குது, பெருவிரல் எங்கீங் அமுச்சி?" என்றான். எங்கள் பக்கம் பாட்டியை அமுச்சி என்பார்கள். நியாயமான கேள்வி. வவ்வாலின் பெருவிரல் தோலுக்குள் சிக்காமல், மேல் ஓரத்தில் நகத்தோடு தனியாக நிற்கும். அதை மாட்டித்தான் அது கிளையில் ஊர்ந்துபோகும். டப்பாவிலிருந்து ரவிக்கைக் கொக்கி ஒன்றை எடுத்து அங்கேயே உட்கார்ந்து குடையில் தைத்தேன். 15 பேரும் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கதை நகர்ந்தது.

ஆலமரத்தில் இருப்பது பெரிய பழந்தின்னி வவ்வால். சிறகை விரித்தால் நாலடி வரும். இஞ்சு டேப்பை ஜமுக்காளத்தில் நீட்டியதும் ஒரு பெண்குட்டி பக்கத்தில் படுத்து அளந்து, "என்னையவிடப் பெருசு" என்றாள். அப்புறம் எல்லோரும் படுத்தாக வேண்டியதாயிற்று. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒண்ணுக்குப் போனால் மூஞ்சியிலேயே விழாதா என்றும் கேட்டார்கள். விழாது. அந்தச் சமயத்தில் மட்டும் அது பெருவிரல் நகத்தை மாட்டித் தலையை மேலே திருப்பிக்கொள்ளும். நான் சொன்னதிலேயே அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வவ்வால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்ற பழமொழியை வேறு சொல்லிவைத்தேன். ஒருவன் ஜன்னல் கம்பியில் தொங்கப் போய், நூலகர் ஓடிவந்து இறக்கினார்.

ஒரு தப்பும் செய்தேன். எல்லா வவ்வாலும் சத்தம் போட்டு, எதிரொலியைக் கேட்டுத்தான் வழி கண்டுபிடிக்கும் என்று சொல்லி, கண்ணைக் கட்டி ஒரு விளையாட்டும் வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த டீச்சரம்மா ஒருவர் அப்புறமாகச் சொன்னார்: கொசுவும் பூச்சியும் பிடிக்கிற சின்ன வவ்வாலான துரிஞ்சல்தான் அப்படி, ஆலமரத்துப் பெரிய வவ்வாலுக்குக் கண்ணும் மூக்கும்தான் வழிகாட்டி. அடுத்த வாரம் பிள்ளைகளிடம் தப்பை ஒத்துக்கொண்டேன். அமுச்சிக்கும் தப்பு வரும் என்பதில் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஒரு குழந்தையின் அம்மா கோபமாகவே கேட்டார், "நிபா வர்ற காலத்துல இதுவொரு பாடமுங்களா?" அவர் பயம் பொய்யில்லை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்து பலர் இறந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும், கோவை எல்லையில் சோதனை போட்டார்கள். நிபா கிருமி பழந்தின்னி வவ்வாலிடம் இருப்பதும் உண்மை. அதனால்தான் கதையில் பாதி நேரம் இதற்கே போனது: கீழே விழுந்துகிடக்கிற வவ்வாலைத் தொடாதே, குச்சியால் குத்தாதே, பெரியவர்களைக் கூப்பிடு. கடிபட்ட கொய்யா, மாங்காயைத் தின்னாதே. கடித்தாலும் பிராண்டினாலும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேய் என்று பயந்த பையன் ஆலமரத்தில் கல்லை எறிவதைப் பார்த்திருக்கிறேன். கதை கேட்டவன் தூர நின்று அண்ணாந்து பார்க்கிறான். எது பத்திரம் என்று அந்த அம்மாவையே கேட்டேன். பதில் சொல்லவில்லை, ஆனால் பிள்ளையை இன்னும் அனுப்புகிறார்.

கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் என் தம்பிக்கு இதெல்லாம் பிடிக்காது. அவனுக்கு நட்டம் நிஜம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோயில் பக்கத்து இலுப்பைப் பூவைத் தின்ன ராத்திரி வருவதும் இதே வவ்வால்தான். பூவுக்குப் பூ மகரந்தம் போவது அப்படித்தான், ஆல், அத்தி விதையைத் தூர தூரமாகப் போடுவதும் அதுதான். 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தில் பழந்தின்னி வவ்வாலை எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லை உயிரினப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். பெரிய வவ்வால் வருஷத்துக்குப் பொதுவாக ஒரு குட்டிதான் போடும்; கலைந்துபோன கூட்டம் மறுபடி பெருகப் பல வருஷம் ஆகும்.

வீட்டுவரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நம்மூர் வவ்வாலை, நம்மூர் ஆலமரத்தில் வரைந்த தமிழ்ப் படப்புத்தகம் ஒன்றாவது ஊர்ப்புற நூலகங்களுக்கு வர வேண்டும் என்று நூலகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து பெரிதாக, பக்கம் கொஞ்சமாக இருந்தால் போதும். உங்கள் சிறுவர் பக்கத்தில் வவ்வால் வரைந்தால் பக்கத்தில் பேயை வரையாமல் விட்டாலும் உதவியாக இருக்கும். நம் ஈரோடு மாவட்டத்திலேயே வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எங்கள் ஊரிடம் நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை, ஒரு மரம்தான்.

அக்டோபர் 2 கிராம சபையில் ஆலமரப் பேச்சு வருமாம். நானும் போகிறேன், அந்தப் பாதிக் குடையையும் எடுத்துக்கொண்டு. அந்தக் கொக்கி ஏற்கெனவே பிய்ந்துவிட்டது, அதற்குள் தைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல்காரி ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.