மாத்திரையைக் குறைக்கச் சொல்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேவகோட்டையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீடுகளில் தனியாக வாழும் ஆச்சிகளும் ஐயாக்களும் மாதந்தோறும் மருந்துச் சீட்டோடு வருகிறார்கள். இதயத்துக்கு மதுரைச் சீட்டு, சர்க்கரைக்குக் காரைக்குடிச் சீட்டு, மூட்டுவலிக்கு உள்ளூர்ச் சீட்டு. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த மருத்துவர் பெரும்பாலும் இருப்பதில்லை.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்கு அந்த மருந்தாலேயே கால் வீங்கும். அதைப் புதுநோய் என்று எண்ணி நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை சேர்கிறது. அடிக்கடி எழுந்து போவதில் தூக்கம் கெட, தூங்குவதற்கு அல்பிரசோலம் வருகிறது. முதியவர்கள் தடுமாறி விழுவதற்கு முக்கியக் காரணங்களில் தூக்க மாத்திரையும் ஒன்று. வீட்டு வளவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் மீண்டும் நடமாடுவது எத்தனை பாடு!

"டாக்டரிடம் கேளுங்கள் ஆச்சி" என்றால், "பெரிய டாக்டர் எழுதியதப்பா, அவர் வாயால் சொன்னால் விட்டுவிடுகிறேன்" என்பார்கள். உள்ளூர் மருத்துவரோ மதுரைக்காரர் எழுதியதில் கைவைக்கத் தயங்குகிறார். நிறுத்திய மறுவாரமே ஏதாவது ஆகிவிட்டால் பழி அவர் தலையில்தானே விழும்? அந்த அச்சம் நியாயமானது. ஆனால் முதியவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்லர். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், மருத்துவர் முடியும் என்றால் ஏதேனும் ஒரு மருந்தை விடத் தயார் என்றவர்கள் 92 சதவீதம். நம் ஊரிலும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டெனலால், தூக்கத்துக்குத் தரும் அல்பிரசோலம் போன்றவற்றைத் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டுவரும் பெண்களே வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் குறித்துக்கொள்ளட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அந்தப் பட்டியலைச் சிறுநீரகப் பரிசோதனை முடிவோடு சேர்த்துப் பார்த்து, எதைக் குறைக்கலாம் என்று எழுதித் தரட்டும். தேவைப்பட்டால் அவரே மதுரை மருத்துவரிடம் பேசட்டும். ஆச்சியைத் தூது அனுப்ப வேண்டாம். புதிதாக மருந்து எழுதும் மருத்துவர்களும் எதற்காக, எத்தனை நாளைக்கு என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்.

– மருந்தாளுநர், தேவகோட்டை