இளம் ஹாக்கி வீரர்களைத் தேர்ந்தெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சப்-ஜூனியர், ஜூனியர் ஹாக்கி அணிகளுக்கும் விளையாட்டு விடுதிகளுக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் இந்திய அணிக்காகக் களமிறங்கினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இத்தகையவர்களைச் சிறு வயதிலேயே எதைக் கொண்டு இனங்காண்பது என்பதே என் கவலை.

பதினாறு வயதுக்கு உட்பட்டோரிடம் கோல் கணக்கை மட்டும் நம்புவது ஆபத்தானது. வயது வரம்பு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுவதால், ஒரே ஆண்டின் ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் மோதுகிறார்கள். கனடாவின் ஐஸ் ஹாக்கி ஜூனியர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்பதை உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி 1985-லேயே சுட்டிக்காட்டினார். அங்கே திறமையாக எண்ணப்பட்டதில் ஒரு பகுதி வெறும் உடல் வளர்ச்சியே.

அதற்காக, வருங்காலத்தில் பெரிய ஆட்டக்காரராக வருவார் என்ற ஊகத்தை வைத்து ஒருவரை ஆண்டுக்கணக்கில் அணியில் வைத்திருப்பதையும் நான் ஏற்கவில்லை. உயரமும் ஓட்டமும் இருந்து, ஓராண்டு கழித்தும் ஓடிக்கொண்டே பந்தை நிறுத்தத் தெரியாமல், ரிவர்ஸ் ஸ்டிக்கில் (மட்டையைத் திருப்பிப் பிடித்து இடப்பக்கம் வரும் பந்தை ஆடுவதில்) தடுமாறி, பந்தை இழந்ததும் பின்னால் ஓடி மீட்க முனையாத ஒருவருக்காக இன்னொருவரின் இடம் பறிபோவது நியாயமன்று.

என் கருத்தில் அதிக எடை பெற வேண்டியது, ஒருவர் ஆறு மாதங்களுக்கு முன்பிருந்த தம்மை விட எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்பதே. உள்ளாற்றலுக்கு ஓரளவு நம்பத்தக்க சான்றும் அதுதான், ஏனெனில் கற்றுக்கொள்ளும் வேகம் உடலோடு வந்து சேர்வதில்லை. பந்து தன் மட்டையை எட்டும் முன்பே தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து, எதிரணித் தடுப்பாளர் நிற்கும் இடத்தை அறிந்து, முதல் தொடுதலிலேயே எதிர்ப்பக்கம் விலகும் சிறுமி ஒருத்தி அந்த ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்காமல் போகலாம். ஆனால் சென்ற பருவத்தில் அவளிடம் அந்தப் பழக்கம் இல்லையென்றால், தேர்வாளரின் குறிப்பேட்டில் முதலில் ஏற வேண்டியது அதுவே.

இதை ஓரிரு நாள் தேர்வில் கண்டறிய இயலாது. அதிலும் மண் தரையில் ஆடி வளர்ந்தவர்களுக்குச் செயற்கைப் புல்தரையில் பந்து வரும் வேகமே புதிது. முதல் நாளில் அவர்கள் தவறவிடும் பந்துகளை எண்ணுவதைவிட, நான்காம் நாளில் எத்தனை குறைந்திருக்கின்றன என்று பார்ப்பதே சரியான அளவுகோல். கோல்கீப்பர்களுக்கும், பந்தை மட்டையால் இழுத்துக் கோலை நோக்கிச் சுண்டும் டிராக் ஃப்ளிக் பழகுவோருக்கும் இன்னும் கூடுதல் காலம் தேவை.

ஆகவே, பள்ளி, விடுதிப் பயிற்சியாளர்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எழுதும் குறிப்புகளையும் பிறந்த மாதத்தையும் தேர்வின்போது உடன் வைத்துப் பாருங்கள். நூலிழையில் வாய்ப்பை இழந்தவர்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்றை வைத்து, ஆறு மாதங்களில் அவர்களை மீண்டும் அழையுங்கள். எதில் குறைந்தார்கள் என்பதை அன்றே அவர்களிடம் நேரில் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தமிழக ஹாக்கியின் மீது அக்கறை கொண்ட ஒருவர்