தொடை வழி வால்வு: பொருத்திய பின் கவனிக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

நெஞ்சைத் திறக்காமல், தொடைத் தமனி வழியே பெருந்தமனி வால்வு பொருத்தும் 'டாவி' பற்றிய செய்திகள் 'சில நாளில் வீடு' என்பதோடு நின்றுவிடுகின்றன. புது வால்வின் சட்டகம் இதயத்தின் மின்கடத்தும் இழையை அழுத்தித் துடிப்பைத் தடுக்கலாம். ஓரிரு நாள் கழித்தும் இது வரும். ஆகவே இசிஜியில் புதிதாக இடதுகிளை அடைப்பு (அந்த இழையின் இடதுகிளையில் மின்தடை; ரத்தக்குழாய் அடைப்பு அல்ல) தெரிந்தால், தற்காலிக பேஸ்மேக்கர் (துடிப்பைத் தூண்டும் கருவி) கம்பியை அவசரப்பட்டு உருவக்கூடாது. மின்கடத்தல் முழுவதும் தடைபட்ட நிலை நீடித்தால் நிரந்தர பேஸ்மேக்கர்தான்.

ரத்த அழுத்தம் சட்டென இறங்கினால் உடனே எக்கோ (இதய ஒலியலைப் படம்) எடுக்க வேண்டும். இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருந்தால் வடிக்க வேண்டும். இல்லையேல் தொடையிலும் அடிவயிற்றின் பின்புறத்திலும் ரத்தக் கசிவைத் தேட வேண்டும் (பின்புறக் கசிவு வெளியே வீக்கமாகத் தெரியாது). புது வால்வின் ஓரமாக ரத்தம் கசிந்தால், வால்வை பலூனால் மீண்டும் விரிக்கலாம். ஆனால் பழைய வால்வில் சுண்ணாம்புப் படிவு மிகுந்திருந்தால், அப்படி விரிக்கும்போது வால்வு அமரும் வளையமே கிழியக்கூடும்.

வீடு திரும்பியபின் மயக்கம் வந்தால், 'பலவீனம்' என்று விட்டுவிடாமல் அன்றே இசிஜி எடுக்க வேண்டும்.

- இதயநோய் மருத்துவர்கள் இருவர், மதுரை