எதிர்ப்பு சக்தியைக் குறைக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அடுத்த பெருந்தொற்றுக்கு நாம் தயாரா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையில் படுக்கை, ஆக்சிஜன், தடுப்பூசி எல்லாம் இருந்தன. என்னைப் போன்றவர்கள்தான் இல்லை. எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே பெருங்குடலைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய். இதே வகையைச் சேர்ந்த க்ரோன் நோய், வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். வயிற்றுவலி, ரத்தத்தோடு பேதி, நோய் முற்றினால் ஒரே நாளில் பத்துப் பதினைந்து முறை கழிப்பறை. மருந்தால் அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். அந்த மருந்துகளில் பல, எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்துபவை.

2020இல் ஊரே எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொண்டிருந்தது. தெருமுனையில் கபசுரக் குடிநீர், வீட்டில் மிளகு ரசம். நானோ அதைக் குறைக்கும் அசாதியோபிரின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். "அதை முதல்ல நிறுத்து, கொரோனா வந்தா உடம்பு தாங்காது" என்று சொல்லாத உறவினர் இல்லை. அக்கறைதான், குறை சொல்லவில்லை. நல்லவேளையாக என் மருத்துவர் போனில் கிடைத்தார்; நிறுத்தக் கூடாது என்றார். சிகிச்சைக்குப் போன இடத்தில் பழக்கமான தம்பி ஒருவருக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. மாத்திரையைத் தானாகவே நிறுத்தினார். சில வாரங்களில் ரத்தப்போக்கு. அதை அடக்க ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

கொடுமை என்னவென்றால், பயப்பட வேண்டியது அந்த ஸ்டீராய்டுக்குத்தான். 2020 மார்ச்சில் குடல் நோய் மருத்துவர்கள், எங்கள் வகை நோயோடு கொரோனாவும் வந்தவர்களுக்காக 'செக்யூர் ஐபிடி' என்ற உலகப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். 33 நாடுகளைச் சேர்ந்த 525 நோயாளிகளின் விவரம் அந்த ஆண்டே வெளியானது. முதியவர்களுக்கும் வேறு நோய்கள் இருந்தவர்களுக்கும் கொரோனா கடுமையானது போலவே, ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் கடுமையாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. எங்கள் நோய்க்கே போடும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகளில் அப்படித் தெரியவில்லை. கை கழுவச் சொல்லிப் போனில் ஓயாமல் ஒலித்தது; 'வழக்கமான மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்' என்ற ஒரு வரி என் காதில் விழவே இல்லை.

ஊரடங்கில் எனக்கு ஒரு நன்மையும் இருந்தது, மறைப்பானேன். வீட்டிலிருந்தே வேலை. கழிப்பறை பக்கத்திலேயே. மீட்டிங் நடுவில் எழுந்து ஓடினாலும் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு மருத்துவரைப் பார்க்கப் போவது பெரும்பாடு. இ-பாஸ் வாங்கியாயிற்று, சரி. வழியில் ஹோட்டல்கள் எல்லாம் மூடிக் கிடந்தால் அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவது? முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்திவிட்டுத்தான் கிளம்பினேன். தொற்று வந்தவர்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை என்று அறிவுரை வேறு. நாலு குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை உள்ள காம்பவுண்டு வீட்டில் எங்கள் நோய்க்காரர் ஒருவர் இருந்தால் என்ன செய்வார் என்று யாராவது யோசித்தார்களா?

தடுப்பூசியிலும் இதே கதை. 2021 மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 45 முதல் 59 வயதுக்குள் குறிப்பிட்ட 20 நோய்நிலைகளில் ஏதாவது உள்ளவர்களுக்கும் ஊசி. நீண்டநாள் ஸ்டீராய்டோ எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தோ எடுப்பவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆனால் 45 ஆகியிருக்க வேண்டும்! இந்த நோய் பெரும்பாலும் தொடங்குவதே பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில். அவர்களில் 18 வயது ஆனவர்களுக்கே மே 1இல்தான் வழி திறந்தது. அதற்குள் இரண்டாம் அலை தலைக்கு மேல் போய்விட்டது.

அடுத்த முறை பட்டியல் போடுகிறவர்கள் எங்கள் மருந்துச் சீட்டையும் பார்க்க வேண்டும்; இந்த மருந்து எடுப்பவர்களுக்கு வயது வரம்பு வைக்கக் கூடாது. அதுவரை காத்திருக்காமல், எந்த மருந்தைத் தொடரலாம், எதற்கு மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று குடல் நோய் நிபுணர் ஒருவரை உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திண்டுக்கல்.